முன்பலகையில் உட்கார்ந்தவள்

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. எக்ஸ்ரே என்றால்தான் தெரியும். அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. மாடிப்படியில் வழுக்கி விழுந்தவர், பைக்கில் சாகசம் செய்யப்போய்க் காலை ஒடித்துக்கொண்டவன், சட்டைப் பொத்தானை விழுங்கிய குழந்தை என்று இந்த வட்டாரத்தில் பாதிப் பேரின் உள்விவரம் அவளுக்குத் தெரியும். கடைத்தெருவில் யாராவது வணக்கம் வைத்தால் பதிலுக்கு வைத்துவிட்டு, "ஆள் யாருன்னு ஞாபகம் இல்ல, இடது தோள்பட்டை ஞாபகம் இருக்கு" என்று என் காதில் சொல்வாள்.

நான் தையல்கடைக்காரி. என் கடை ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில், மருந்துக்கடைக்கும் சாவி செய்கிறவருக்கும் நடுவில், ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போகவேண்டிய அளவில் இருக்கிறது. மதியம் துணி வெட்டுகிற மேசையின் ஒரு மூலையை ஒதுக்கி, அங்கேதான் இருவரும் சாப்பிடுவோம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அளவு கொடுத்துவிட்டு அடுத்த வாரமே இடுப்பு பெருத்து வருகிறவர்களை நான் சும்மா விடுவதில்லை. அவளுக்குக் கோபமே வராது. எதற்கும் தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். இப்படிப்பட்ட இரண்டு பேர் எப்படி இத்தனை வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தோம் என்று கேட்டால், ஒருத்தி பேச ஒருத்தி கேட்க வேண்டாமா என்பதுதான் பதில்.

அவள் புருஷன் மின்சாரத் துறையில் லைன்மேன். கம்பத்தில் ஏறுகிற மனிதர் என்பதாலோ என்னவோ, தரையில் நிற்கும்போது யாருடனும் பேசமாட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஜாதி. எனக்கு அவரைப் பிடிக்காது, ஒளிப்பானேன். கல்யாணமான நாளிலிருந்து அவளை ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. சமையல் எப்படி என்றால் "சாப்பிட்டாச்சு" என்பார். புதுப் புடவை எப்படி என்றால் புடவையைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

ஆனால் மீன் விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு சின்ன ஃபைபர் படகு வைத்திருந்தார், பின்னால் இன்ஜின் மாட்டினது. லீவு நாளில் விடியற்காலை இவளையும் ஏற்றிக்கொண்டு கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைக்கும்தான் போவார். மதியத்துக்குள் ஐஸ் பெட்டி நிறையத் திரும்பிவிடுவார். அதே கடலில், அதே இரையைப் போட்டு, மற்றவர்கள் ஈரத் துணியோடு வெறுங்கையாக வருவார்கள். படகுத்துறையில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள், எந்த இடம் என்று. "கடல்லதான்" என்பார். பின்தொடர்ந்து போய்ப் பார்த்தவர்களும் உண்டு. வேறு படகு கண்ணில் பட்டால் அவர் நங்கூரமே போடமாட்டார், சும்மா சுற்றிவிட்டு வந்துவிடுவார். கல்லுளிமங்கன்.

போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். படகு தார்ப்பாய்க்குள் போய்விட்டது. வெளியூரில் வேலையில் இருக்கிற மகன் வந்தபோதெல்லாம் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வித்துடலாம்மா, யார் ஓட்டப் போறாங்க என்பான். நல்ல பையன்தான். அம்மா தனியாக இருக்கிறாளே, துறைக்கு வாடகை, இன்ஜினுக்குச் செலவு என்று அவன் கவலை அவனுக்கு. கடைசியில் துறையில் மீனுக்கு ஐஸ் விற்கிற ஐஸ்கடைக்காரரிடம் பேசி முடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வந்து படகைப் பார்த்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை மதியம் அவள் கடைக்கு வந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்து முடிக்கிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, சொல்லித் தொலையேன்டி என்றேன்.

"படகு போறது பத்தி இல்ல" என்றாள். "இருபது வருஷத்துக்கு மேல அந்த முன்பலகையில உட்கார்ந்து போயிருக்கேன். இப்ப யோசிச்சா, நான் அங்க என்ன பண்ணினேன்னே தெரியல. இரை வெட்டிக் கொடுத்தேன், டீ ஊத்திக் கொடுத்தேன். ஒரு மூட்டையை ஏத்திட்டுப் போனாலும் அதேதான். எனக்கு அந்தக் கடல்ல ஏதாவது தெரியுமா தெரியாதான்னு ஒரே ஒரு தடவை பார்க்கணும். அவரோட இடத்தை நானே கண்டுபிடிச்சு மீனோட வந்தா, விக்கமாட்டேன். இல்லன்னா ஐஸ்கடைக்காரர் எடுத்துக்கட்டும், நான் வாயே திறக்கமாட்டேன்."

இவ்வளவு வார்த்தைகளை அவள் மொத்தமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கையில் இருந்த ரவிக்கையை மடித்து வைத்தேன். எனக்குக் கடல் ஆகாது. பஸ்ஸில் பின்சீட்டே ஆகாது. ஆனாலும் வருகிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். மூன்றாவது ஆளாக வேன்காரியைச் சேர்த்துக்கொண்டோம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், எங்கள் இருவரையும்விட இளையவள், நல்ல கைபலம். வேனுக்குள் குழந்தைகள் போடுகிற கூச்சலைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே பேச்சு குறைந்துபோய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லையே, வருகிறேன் என்றாள்.

ஞாயிறு விடியலில் துறைக்குப் போனோம். மகன் முன்னதாகவே வந்து பெட்ரோல் ஊற்றி, லைஃப் ஜாக்கெட்டுகளைக் கொண்டுவந்து வைத்திருந்தான். எனக்கு மாட்டிவிடும்போது, "சித்தி, அம்மா ஏதாவது தூரமாப் போலாம்னு சொன்னா நீங்கதான் தடுக்கணும்" என்று ரகசியமாகச் சொன்னான். தடுக்கிறவளாக என்னைத் தேர்ந்தெடுத்தானே, அவன் கெட்டிக்காரன். சாயங்காலம் ஐஸ்கடைக்காரர் வருவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இன்ஜினை அவளே கிளப்பினாள். கயிற்றை இழுத்ததும் இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. பின்னால் அவர் உட்கார்கிற இடத்தில் அவள், நடுப்பலகையில் வேன்காரி, முன்பலகையில் நான். படகுகளுக்கு நடுவில் மெதுவாக எடுத்து, அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி வெளியே கொண்டுவந்தாள். அதுவரைக்கும் அருமையாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் சொல்கிற மாதிரியே, அலை வந்தால் "மூச்சைப் பிடிங்க" என்பாள், தாண்டியதும் "விடுங்க" என்பாள். முதலில் மூச்சை இழுங்கன்னு சொல்ல மறந்துட்டியே என்றேன். சிரித்தாள்.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. அரைமணி நேரம் போயிருப்போம். இன்ஜினை நிறுத்தி, இங்கதான் இருக்கும் என்றாள். அந்தக் குரலிலேயே சந்தேகம் தெரிந்தது. ஈயக்குண்டு கட்டின தூண்டில் நரம்பை இறக்கினோம். அது போய்க்கொண்டே இருந்தது. அடியில் மெத்தென்று மணலில் உட்கார்ந்தது. அவர் இடத்தில் பாறை இருக்கும், குண்டு இடிக்கும்போது விரலில் தெரியும் என்றாள். கணவாய்த் துண்டைப் போட்டுக் காத்திருந்தோம். இழுப்பு வந்தது. எடுத்துப் பார்த்தால் பேத்தை, தின்ன உதவாத மீன். கையில் எடுத்ததும் வயிற்றை பலூனாக ஊதிக்கொண்டு என்னையே முறைத்தது. நானும் முறைத்தேன். அடுத்ததும் பேத்தை. அதற்கடுத்தது இரையைத் தின்றுவிட்டுத் தூண்டிலை மட்டும் திருப்பி அனுப்பியது.

இன்னொரு இடத்துக்கு மாறினோம். அங்கேயும் மணல். மூன்றாவது இடத்திலும் மணல். அவள் சுக்கான் கைப்பிடியைப் பிடித்தபடி எதிரே கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. இதுதான் அவர் இடம் என்று அதில் எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள். "நான் மூட்டைதான் போல."

கப்பல் கவிழ்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைத்தேன். படகில் இருந்துகொண்டு அதை நினைத்ததற்கு என்னையே திட்டிக்கொண்டேன். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது வார்த்தை இல்லை. காலையில் குடித்த டீ, அதற்கு முன்னால் தின்ற பன், எல்லாம் படகின் விளிம்பைத் தாண்டிப் போயின. எனக்கு உலகமே சுற்றியது. படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பி இன்னும் மோசமாக ஆடியது.

எக்ஸ்ரே கைப்பிடியை வேன்காரியிடம் கொடுத்துவிட்டு முன்னால் ஓடிவந்தாள். வேன்காரி பின்னால் போய் இன்ஜினைக் கிளப்பி, மூக்கை அலைக்கு நேராக வைத்துக்கொண்டாள். என்னை நடுப்பலகையில் படுக்கவைத்து, முகத்தைத் துடைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, அவள் முன்பலகையில் உட்கார்ந்தாள். நான் உட்கார்ந்த மாதிரி கடலைப் பார்த்து உட்காரவில்லை. பழக்கதோஷம், கரையைப் பார்த்து, அதாவது படகு ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். இருபது வருஷமாக அப்படித்தான் உட்கார்ந்து போயிருக்கிறாள். எதிரே புருஷன், அவர் தலைக்குப் பின்னால் கரை.

கொஞ்ச நேரம் என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"இது இல்ல" என்றாள். "தொட்டி தெரியுதே."

எந்தத் தொட்டி என்றாள் வேன்காரி.

"தண்ணித் தொட்டி. அது தெரியக் கூடாது. ஐஸ் கம்பெனிப் புகைபோக்கி அதை மறைச்சிடும். தொட்டி முழுசா மறையும்போது எனக்கு அப்பாடான்னு இருக்கும், இன்னும் கொஞ்ச நேரத்துல நிறுத்திடுவார், இடுப்பை நிமிர்த்தலாம்னு."

நான் படுத்தபடியே திரும்பிப் பார்த்தேன். கரையில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற உயரமான தண்ணீர்த் தொட்டி வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கு ஒரு பக்கமாக ஐஸ் கம்பெனிப் புகைபோக்கி, தொட்டிக்கு முன்னால் கரையோரமாக. இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தது. படகு நகர்ந்தால் புகைபோக்கி தொட்டியை நோக்கி நகரும் என்பது எனக்கே புரிந்தது. இரண்டு ஊசியை ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தால் ஒன்றுதான் தெரியும், அதே கதை. அப்புறம், மறைந்த பிறகு நேரே வெளியே போகப் போக, அலைத்தடுப்புச் சுவரின் கடைசி விளக்குக் கம்பம் சிவப்பு செல்ஃபோன் கோபுரத்துக்கு அடியில் வரும் என்றாள். வந்ததும் நிறுத்துவாராம்.

"போ" என்றாள் வேன்காரியிடம். "இடது பக்கம்."

இங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறவளின் இடது பக்கம், முன்பக்கம் பார்க்கிற வேன்காரிக்கு வலது பக்கம். அது இருவருக்குமே தோன்றவில்லை. வேன்காரி தன் இடது பக்கம் போக நினைத்து, ஸ்டீயரிங்கைத் திருப்புகிற மாதிரி சுக்கான் கைப்பிடியை இடது பக்கம் தள்ளினாள். சுக்கானுக்கு வேன் சட்டம் தெரியாது, அதைத் தள்ளின பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத்தான் படகு போகும். ஆகவே படகு வலது பக்கம் போனது. எக்ஸ்ரே கேட்ட பக்கமே அதுதான். அன்று முழுக்க இரண்டு பேரும் தப்பாகவே செய்து சரியாகவே போனார்கள். நடுவில் நான் எழுந்து விளக்கம் சொல்லப்போய், இருவரும் குழம்பி, படகு ஒரு வட்டம் போட்டது. நீங்க படுங்கக்கா என்றாள் வேன்காரி. படுத்துக்கொண்டேன்.

தொட்டி மெதுவாகப் புகைபோக்கிக்குப் பின்னால் போனது. முதலில் பாதி, அப்புறம் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று, அப்புறம் ஒன்றுமில்லை. விளக்குக் கம்பம் நகர்ந்து நகர்ந்து சிவப்புக் கோபுரத்தின் காலடிக்கு வந்தது. "நிறுத்து" என்றாள். நங்கூரம் போனது. அவள் நரம்பை இறக்கினாள். கொஞ்சம் போனதுமே சட்டென்று நின்றது. குண்டைத் தூக்கித் தூக்கி இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள்.

"பாறை" என்றாள். நரம்பை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வயிற்றுக் கலக்கமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

அடுத்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி விவரமாகச் சொன்னால் அளக்கிறேன் என்பீர்கள். இரை அடியைத் தொட்டதும் இழுப்பு. முதலில் வந்தது விளமீன், முழங்கை நீளம், செம்பு நிறத்தில் பளபளத்தது. வேன்காரி இழுத்ததில் பாரை மீன் ஒன்று வந்தது, அது படகைச் சுற்றி ஓடிய ஓட்டத்தில் மற்ற இரண்டு நரம்புகளையும் சேர்த்துப் பின்னிவிட்டது. சிக்கெடுக்கிற வேலை எனக்கு வந்தது, அது என் தொழில். பிறகு என் கையிலும் ஒரு நரம்பைக் கொடுத்தார்கள். எனக்கு ஒன்று மாட்டியது. விரலைக் கொஞ்சம் அறுத்தும்விட்டது. என் வாழ்நாளில் நான் பிடித்த முதல் மீன் அது. அந்த மீனைப் பெட்டியில் போட நான் விடவில்லை, கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். யாராவது சிரித்தால் சண்டைக்குப் போகத் தயாராக இருந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

பெரியது எக்ஸ்ரேக்குத்தான் மாட்டியது. நரம்பு ஒரே இழுப்பில் கைக்குள் வழுக்கி ஓடியது, பிறகு அசையாமல் நின்றது. கல்லில் மாட்டிக்கொண்டது, அறுத்துவிடு என்றேன். இல்லை, கலவா மீன், பாறைப் பொந்துக்குள் போய் செவுளை விரித்து உட்கார்ந்திருக்கிறது, இழுத்தால் நரம்புதான் அறும் என்றாள். நரம்பைத் தளர்த்திவிட்டாள். யாரும் பேசக் கூடாது என்றாள். மூன்று பேரும் அசையாமல் இருந்தோம். வெயில் ஏறியது. ஆபத்து போய்விட்டது என்று அது நினைக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டுமாம். நரம்பு மெல்ல நகர்ந்தது. அவள் விடவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. அப்போது எழுந்து நின்று, கைமாற்றிக் கைமாற்றி, ஒரே மூச்சில் இழுத்தாள். தலையைவிடப் பெரிய வாயைத் திறந்துகொண்டு அது மேலே வந்தபோது, வேன்காரி வலையோடு பாதி உடம்பைத் தண்ணீருக்குள் விட்டு அள்ளினாள். பெட்டி மூடவில்லை. வால் வெளியே நின்றது.

திரும்பும்போது எக்ஸ்ரேதான் ஓட்டினாள். முகம் சிவந்து, முடியெல்லாம் உப்பாக, பத்து வயது குறைந்திருந்தாள். வேன்காரி ரொம்ப நேரம் எதையோ யோசித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, வேன்ல பின்னாடி பார்க்கக் கண்ணாடி இருக்கு. இதுல இல்ல. அண்ணன் இங்க உட்கார்ந்துக்கிட்டு எப்படித் தொட்டியைப் பார்த்தார்? திரும்பித் திரும்பிப் பார்ப்பாரா?"

எக்ஸ்ரே யோசித்தாள். ஒரு நாளும் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை என்றாள். நேரேதான் பார்த்துக்கொண்டு வருவாராம். அவருக்குக் கடலைப் பார்த்தாலே தெரியும், அலையின் நிறத்தில் தெரிந்துகொள்வார், அது எனக்கு வராது, எனக்கு இந்தக் குறுக்குவழிதான் என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மீனைப் பிடித்தது இவள், பெருமை மட்டும் அந்தக் கல்லுளிமங்கனுக்கா? ஆனால் மடியில் மீன் வாசனையோடு சந்தோஷமாக இருந்தேன், அதனால் சொல்லவில்லை.

நாங்கள் திரும்பிவிட்ட செய்தி எப்படிப் போனதோ, சாயங்காலம் வரவேண்டிய ஐஸ்கடைக்காரர் மதியமே துறையில் நின்றிருந்தார். பக்கத்தில் மகன். பெட்டியை இருவருமாகத் தூக்கி மேலே வைத்தார்கள். மகன் கலவாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. விக்கலடா என்று அவள் சொன்னாள். சரிம்மா என்றான். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. நான் போட வைத்திருந்த சண்டையெல்லாம் வீணாயிற்று.

ஐஸ்கடைக்காரருக்கு வருத்தம் இருந்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை. மூடியைத் திறந்து மீனை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் அதே இடத்து மீன்தான், வேறெங்கும் இந்த அளவு கிடையாது என்றார். பிறகு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த மனுஷன் நிஜத்தைத்தான் சொல்லியிருக்கார்" என்றார். "ஒரு நாள் இங்கயே மறிச்சு நிறுத்தி, இடத்தைச் சொன்னாத்தான் ஆச்சுன்னு பிடிச்சுக்கிட்டேன். சத்தியமா எனக்குத் தெரியாதுய்யா, அவளுக்குத்தான் தெரியும், நான் அவ முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தறேன்னார். சொல்ல இஷ்டமில்ல, வீட்டம்மா மேல போட்டுத் தட்டிக் கழிக்கிறார்னு நினைச்சு, ரொம்ப நாள் அவரோட பேசவே இல்ல."

யாரும் பேசவில்லை. வேன்காரி கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தாள். அவளைப் பார்த்தே ஆகவேண்டும் போலிருந்தது. அந்த மனிதரை இத்தனை வருஷம் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன், அதற்காக இல்லை. இவள் முகத்தைப் பார்த்தேன், அதற்காக. இவர் நிறுத்தப் போகிறார் என்று இவள் முகம் மலர, முகம் மலர்ந்தது என்று அவர் நிறுத்த, இருபது வருஷம் அப்படியே போயிருக்கிறது. யார் யாரைக் கூட்டிப்போனார்கள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது.

"அவர் என்ன சொன்னார்?" என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

ஐஸ்கடைக்காரர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிவிட்டு, முதலிலிருந்து சொன்னார்.